சிவப்புத் தொப்பி சற்றுத் தாமதமாக வரும்

"விளையாட்டு விழாவுக்கு நான் வரலப்பா. ஓடவும் மாட்டேன்" என்று மகள் சொன்னபோது அறிவிப்பாளர் ஒரு காலில் சாக்ஸை மாட்டிக்கொண்டு, இன்னொரு காலுக்கான சாக்ஸைக் கட்டிலுக்கு அடியில் துழாவிக்கொண்டிருந்தார். முதல் தடவை அது காதில் ஏறவில்லை. இரண்டாம் தடவை ஏறியது, ஆனால் மண்டைக்குப் போகவில்லை. மூன்றாம் தடவை அவள் அழுதுகொண்டே சொன்னாள். சாக்ஸ் கிடக்கட்டும் என்று அவர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார்.

மூன்றாம் வகுப்புப் படிக்கிற பெண். காய்ச்சல் அடித்தால்கூடப் பள்ளிக்கூடம் போயே தீருவேன் என்று அடம்பிடிக்கிற ரகம். அவளே போக மாட்டேன் என்றால் விஷயம் லேசாக இருக்காது. விசாரித்தார். கேட்ட கேள்விக்கெல்லாம் அவள் ஜன்னல் கம்பியைப் பார்த்துப் பதில் சொன்னாளே தவிர அப்பாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

பிடுங்கிப் பிடுங்கிக் கேட்டதில் வந்தது இவ்வளவுதான். போன வருஷம் ஓட்டப் பந்தயத்தில் அவள் கடைசி. அதற்கு முந்தின வருஷமும் கடைசி. அதுகூடப் பரவாயில்லை. போன வருஷம் எல்லாரும் ஓடி முடித்த பிறகு, மைக் பிடித்திருந்தவர், "கொஞ்சம் பொறுங்க, இன்னும் ஆளு வரணும். மதியச் சாப்பாட்டுக்குள்ள வந்துடுவாங்க" என்று ஒலிபெருக்கியில் சொன்னாராம். மைதானமே விழுந்து விழுந்து சிரித்ததாம்.

"எல்லாருமா?"

"டீச்சர்கூட" என்றாள் மகள்.

அந்த இரண்டு விழாவுக்குமே அறிவிப்பாளர் போகவில்லை, டியூட்டி. மனைவி பல் டாக்டரிடம் உதவியாளர். சொத்தைப் பல்லோடு வாயைத் திறந்துவைத்துக் காத்திருப்பவர்களை விட்டுவிட்டு அவளாலும் வர முடியவில்லை. எப்படி ஓடினாய் என்று சாயங்காலம் வீட்டில் கேட்டார்கள், கடைசி என்றாள், பரவாயில்லை அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போய்விட்டார்கள். அந்தக் கடைசிக்குப் பின்னால் ஒரு மைதானமே சிரித்த கதை இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

இந்த இடத்தில் அவருடைய தொழிலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்த கூத்து விளங்காது. அவர் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். நேரத்துக்கு வருகிற வண்டிகளை அறிவிக்க அங்கே இயந்திரம் இருக்கிறது. பதிவு செய்து வைத்த பெண் குரல் ஒன்று, பிசிறில்லாமல் எல்லாவற்றையும் சொல்லிவிடும். வண்டி தாமதமானாலோ, நடைமேடை மாறினாலோ, குழந்தை காணாமல் போனாலோதான் இவர் மைக்கைத் தொட வேண்டும். ஆகவே தாமதத்தைச் சொல்லிச் சொல்லியே பழுத்த குரல் அது. பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிற கூட்டத்தையும் பெஞ்சில் உட்காரவைத்துவிடும்.

இன்னொன்று. அவருடைய அறைக்கு ஜன்னல் கிடையாது. ஒரு திரை, ஒரு தொலைபேசி, ஒரு மைக். அவ்வளவுதான். இத்தனை வருஷத்தில் தான் அறிவித்த ஒரு வண்டியையாவது வந்து நிற்கும்போது அவர் கண்ணால் பார்த்ததில்லை. தகவல் வரும்; சொல்வார்; வண்டி வந்திருக்கும் என்று நம்பிக்கொள்வார்.

"அவ ஒரு நாள் லீவு போட்டுட்டுப் போகட்டுமே. என்ன குடியா முழுகிடும்?" என்றாள் மனைவி.

"ஓடப் பிடிக்கலைன்னா ஓட வேணாம். சிரிப்பாங்கன்னு பயந்துக்கிட்டு உக்காரக் கூடாது. நான் போய் டீச்சர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வரேன்" என்றார் அவர்.

அந்த ஒரு வார்த்தையில்தான் வினை ஆரம்பித்தது.

பள்ளிக்கூடத்துக்குள் அவர் நுழைந்தது அதுதான் முதல் தடவை. வகுப்பு டீச்சர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். இன்னாருடைய அப்பா என்று சொன்னதும், "அப்படியா? அவங்க அப்பா வெளிநாட்டுல இருக்கார்னு நினைச்சுட்டிருந்தேன்" என்றார். அதை விழுங்கிக்கொண்டு அறிவிப்பாளர் தன் கோரிக்கையைச் சொன்னார். பெரிதாக ஒன்றுமில்லை; இந்த வருஷம் கடைசியாக வருகிற குழந்தையைப் பற்றி மைக்கில் எதுவும் சொல்லாமல் இருந்தால் போதும். அது தன் கையில் இல்லை, தலைமையாசிரியையைத்தான் பார்க்க வேண்டும் என்று டீச்சர் மாடிப்படியைக் காட்டினார்.

தலைமையாசிரியையின் அறையில் ஏற்கெனவே ஒருவர் உட்கார்ந்திருந்தார். கையில் டெஸ்டர், சட்டைப்பையில் ஒயர்த் துண்டு. மின்விசிறி ஏதோ பழுது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அறிவிப்பாளர் அவரைக் கண்டுகொள்ளவில்லை. சொல்ல வந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லிவிட்டு இறங்கியிருந்தால் கதையே இல்லை. ஆனால் மகளின் அழுத முகம் நினைவுக்கு வந்துவிட்டது. வாய் சும்மா இருக்கவில்லை.

மைக்கில் பேசுவதற்கு ஒரு முறை இருக்கிறது என்றார். தாமதமாக வருகிற வண்டியை அறிவிப்பாளன் ஒருநாளும் கேலி பண்ண மாட்டான், ஏனென்றால் அதில் வருகிறவர்களும் மனிதர்கள், அதற்காகக் காத்திருக்கிறவர்களும் மனிதர்கள் என்றார். போன வருஷம் மைக் பிடித்தவர் யாரோ தெரியாது, ஆனால் அவரை எங்கள் நிலையத்தில் ஒரு மணி நேரம்கூட வைத்திருக்க மாட்டார்கள் என்றும் சேர்த்துக்கொண்டார்.

கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த தலைமையாசிரியை கண்ணைத் திறந்தார்.

"உங்க குரலை எங்கேயோ கேட்டிருக்கேன். போன மாசம் நான் போக வேண்டிய வண்டி மத்தியானம் பூரா வரவே இல்ல. அதைத் திரும்பத் திரும்பச் சொன்னது நீங்கதானா?"

"ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம்" என்றார் அறிவிப்பாளர், பழக்க தோஷத்தில்.

"குறை சொல்றவங்க நிறையப் பேரு. செய்யறேன்னு வர்றவங்கதான் இல்ல. இந்த வருஷம் மைக் நீங்கதான்" என்று தலைமையாசிரியை அவர் தலையில் கட்டிவிட்டார். பிறகு பக்கத்து நாற்காலியைக் காட்டி, "இவர்தான் வருஷா வருஷம் அறிவிப்பு பண்றவர். பேசி வெச்சுக்குங்க" என்றார்.

அறிவிப்பாளர் முகத்தில் ஈயாடவில்லை. டெஸ்டர்க்காரர் எலெக்ட்ரிக் கடை வைத்திருப்பவர். ஐந்தாம் வகுப்பில் அவருக்கு ஒரு பையன். ஒலிபெருக்கி செட்டை விழாவுக்கு இலவசமாகக் கொடுப்பவர் அவர்தான், செட்டோடு குரலையும் சேர்த்தே கொடுத்துக்கொண்டிருந்தார். அவர் கோபப்படவில்லை. டெஸ்டரை மெதுவாகச் சட்டைப்பையில் குத்திக்கொண்டார்.

"பேசட்டும் மேடம். தாராளமா பேசட்டும். செட்டு என்னுது. வால்யூம் என் கையில இருக்கும்" என்றார்.

வீட்டுக்கு வந்து விஷயத்தைச் சொன்னதும் மகள் துள்ளிக் குதிப்பாள் என்று அவர் எதிர்பார்த்தார். அவள் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். போன வருஷம் கடைசியாக வந்தது யார் என்று பாதிப் பேருக்குத் தெரியாது. இந்த வருஷம் மைக் பிடிக்கிறவரின் மகள் என்று எல்லாரும் விரலை நீட்டிக் காட்டுவார்கள் என்று போர்வைக்குள்ளிருந்து விளக்கம் வந்தது. அறிவிப்பாளர் இதை யோசிக்கவே இல்லை. நியாயம்தான் என்று பட்டது.

சரி, பார்க்கிறதற்கு ஆள் இல்லாமல் பண்ணிவிட்டால்? மறுநாளே பி.டி. மாஸ்டரைப் பிடித்தார். மாஸ்டர் மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். மூன்றாம் வகுப்புப் பெண்களின் ஓட்டத்தை எல்லாவற்றுக்கும் கடைசியில் வைக்க முடியுமா என்று அறிவிப்பாளர் நைசாகக் கேட்டார். அதற்குள் பெற்றோர் பாதிப் பேர் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பார்கள், மீதிப் பேர் குழந்தையின் காணாமல் போன செருப்பைத் தேடிக்கொண்டிருப்பார்கள் என்பது அவர் கணக்கு.

மாஸ்டர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். சிறப்பு விருந்தினராக வரும் தீயணைப்பு நிலைய அதிகாரி, தன்னால் விழா முடிகிற நேரத்துக்குத்தான் வர முடியும் என்று சொல்லி அனுப்பியிருந்தாராம். அவர் பார்க்க ஒரு போட்டியாவது மிச்சம் வேண்டுமே என்று மாஸ்டர் தவித்துக்கொண்டிருந்தாராம். இப்போது பிரச்சினை தீர்ந்தது.

மூன்றாம் வகுப்புப் பெண்கள் ஓட்டம், சிறப்பு விருந்தினர் முன்னிலையில் நடக்கும் மாபெரும் இறுதிப் போட்டி ஆகிவிட்டது. கடைசிவரை எல்லாப் பெற்றோரும் இருந்து பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்று பள்ளிக்கூடம் எல்லார் செல்போனுக்கும் செய்தி அனுப்பியது. மனைவி அதைப் படித்தாள். படித்துவிட்டு நிதானமாகச் சொன்னாள்:

"இன்னும் யார்கிட்டயாவது ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்களேன். டிவியிலயும் காட்டிடுவாங்க."

அவருக்கு இனி பேசினால் அதிலிருந்து வேறேதாவது கிளம்பும் என்ற பயம் வந்துவிட்டது. பேசியது போதும், மிச்சமிருக்கிற ஒரே வழி பெண்ணை வேகமாக ஓடவைப்பதுதான் என்று முடிவு கட்டினார். விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் டியூட்டியை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுத்துவிட்டு, மகளைப் பூங்காவுக்கு அழைத்துக்கொண்டு போனார்.

அப்பாவும் பெண்ணும் சேர்ந்து ஓடினார்கள். கால் சுற்றிலேயே அவருக்கு மூச்சு இரைத்தது. நாற்காலியில் உட்கார்ந்தே தேய்ந்த உடம்பு. வேகத்தைக் குறைத்தார். பக்கத்தில் பார்த்தால் மகளும் மெதுவாகத்தான் வந்துகொண்டிருந்தாள். இன்னும் குறைத்தார். அவளும் குறைத்தாள். கடைசியில் அவர் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நடக்கவே ஆரம்பித்துவிட்டார். அவளும் அவர் கூடவே நடந்தாள். ஐயோ பாவம், என்னைப் போலவே பிறந்திருக்கிறது என்று அவருக்கு மனசு கனத்துப் போனது. இவளை ஓடவைத்து ஜெயிக்கவைப்பது நடக்கிற காரியம் இல்லை.

பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார்கள். மகள் காலை ஆட்டிக்கொண்டே கேட்டாள்.

"கடைசியா வர்றவங்களைப் பத்தி மைக்கில என்ன சொல்லுவீங்கப்பா?"

"எங்க ஸ்டேஷன்ல சொல்ற மாதிரிதான் சொல்லுவேன். நேரத்துக்கு வர்ற வண்டியை யாரும் கண்டுக்கறதே இல்லம்மா. லேட்டா வர்ற வண்டிக்குத்தான் எல்லாரும் எந்திரிச்சு நின்னு, எட்டி எட்டிப் பாத்துக்கிட்டு இருப்பாங்க."

"சிரிக்க மாட்டாங்களா?"

"நான் பேசும்போது சிரிக்க மாட்டாங்க."

"யாரு கடைசியா வந்தாலும் அப்படித்தான் பேசுவீங்களா?"

"யாரா இருந்தா என்ன? கோட்டைத் தாண்டற வரைக்கும் நான் கூடவே இருப்பேன். பாதியில மைக்கை வெச்சுட்டுப் போக மாட்டேன். போதுமா?"

மகள் தண்ணீர்ப் பாட்டிலை மூடினாள். "அப்ப ஓடறேன்" என்றாள். திரும்பும் வழியில் தோழி ஒருத்தியின் வீட்டு வாசலில் நிற்கச் சொல்லி உள்ளே ஓடிப்போய் என்னவோ பேசிவிட்டு வந்தாள்; தோழி கதவோரம் நின்று கையாட்டினாள். அறிவிப்பாளர் வாசலில் நின்றபடி மறுநாளைக்காகத் தொண்டையைச் செருமிப் பார்த்துக்கொண்டிருந்தார். பெண் ஓடச் சம்மதித்துவிட்டாள் என்ற சந்தோஷத்தில் அவருக்கு மற்றதெல்லாம் மறந்துபோனது.

விழா நாள். மைதானத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்குப் பின்னால் நாற்காலிகள், நாற்காலிகளுக்குப் பின்னால் துணிப்பந்தல், பந்தலின் மூலையில் மைக் மேசை. எலெக்ட்ரிக் கடைக்காரர் ஒலிபெருக்கிப் பெட்டியின் பக்கத்தில் நாற்காலி போட்டு, வால்யூம் குமிழின் மேல் விரலை வைத்து உட்கார்ந்திருந்தார். விரலை எடுக்கிற உத்தேசம் அவருக்கு இருந்ததாகத் தெரியவில்லை.

அறிவிப்பாளர் மைக்கை வாய்க்கருகே இழுத்தார். பெற்றோர்களே, ஆசிரியர்களே என்று எழுதி மனப்பாடம் பண்ணி வைத்திருந்தார். ஆனால் மைக்கைக் கண்டதும் வாய் அதன் பழைய தண்டவாளத்திலேயே போய்விட்டது.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு."

மைதானம் கப்சிப் என்று ஆனது. முன்வரிசையில் ஒரு அப்பா சட்டென்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். ஒரு அம்மா தன் பிள்ளைகளை எண்ணிப் பார்த்தாள். அப்புறம்தான் சிரிப்பு வெடித்தது. கடைக்காரர் குமிழைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினார்.

அறிவிப்பாளருக்கு வியர்த்துக் கொட்டியது. திருத்திக்கொள்ளப் பார்க்கப் பார்க்க மோசமானது. சாக்கு ஓட்டம் இரண்டாவது கோட்டிலிருந்து புறப்படும் என்றார். பி.டி. மாஸ்டர் தூரத்திலிருந்து கையை ஆட்டவே, புறப்படும் கோடு மூன்றாவது கோட்டுக்கு மாற்றப்பட்டுள்ளது என்றார். குழந்தைகள் இடுப்புவரை சாக்கோடு மூன்றாவது கோட்டுக்குக் குதித்துக் குதித்துப் போய்ச் சேர்வதற்குள் களைத்துவிட்டார்கள். மாஸ்டர் கையாட்டியது ஈயை விரட்ட என்று பிறகு தெரிந்தது. எல்லாரும் மறுபடி இரண்டாவது கோட்டுக்குக் குதித்தார்கள். குமிழ் இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் போனது.

ஆனால் ஒவ்வொரு ஓட்டத்திலும், கடைசியாக வருகிற குழந்தையின் முறை வந்ததும், அவர் குரல் தானாகவே நிதானத்துக்கு வந்துவிட்டது. அது அவருடைய சொந்த இடம். "நீலத் தொப்பி சற்றுத் தாமதமாக வந்துகொண்டிருக்கிறது, தயவுசெய்து காத்திருக்கவும்" என்பார். பேரைச் சொல்ல மாட்டார். கூட்டம் காத்திருந்தது. நீலத் தொப்பி வந்ததும் கை தட்டியது; முடிவுக் கோட்டை முன்வரிசைத் தலைகள் மறைத்ததால், அந்தத் தட்டலை வைத்துத்தான் வந்துவிட்டது என்று அவர் தெரிந்துகொண்டார். அடுத்த ஓட்டத்தில் முதலாவது வந்தவனை விட்டுவிட்டு, தாமதமாக வருவது எந்தத் தொப்பி என்றே எல்லாரும் பார்க்க ஆரம்பித்தார்கள்.

சிறப்பு விருந்தினர் வந்தபாடில்லை. ஏதாவது சொல்லிச் சமாளியுங்கள் என்று தலைமையாசிரியை காதில் கிசுகிசுத்தார். சமாளிப்பதா, அதைத்தானே இத்தனை வருஷமாகச் செய்துகொண்டிருக்கிறார். சிறப்பு விருந்தினர் தாமதமாக இயங்கிக்கொண்டிருக்கிறார் என்று அறிவித்தார். சொல்லி வாயை மூடுவதற்குள் தீயணைப்பு வண்டியே வாசலில் வந்து நின்றது. சிறப்பு விருந்தினர் முதலாவது வாசல் வழியாக வந்து சேர்ந்துள்ளார் என்று மூச்சு விடாமல் சேர்த்துச் சொன்னார். தீயணைப்பு அதிகாரி மைக் இருந்த திசையைப் பார்த்து விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். தலைமையாசிரியை கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். கடைக்காரர்கூடச் சிரித்துவிட்டு, சிரித்ததை மறைக்க ஒயரைக் குனிந்து பார்த்தார்.

கடைசி ஓட்டம். மூன்றாம் வகுப்புப் பெண்கள் மைதானத்தை ஒரு முழுச் சுற்று ஓட வேண்டும். மகள் சிவப்பு அணி. அந்த அணியில் எல்லாருக்கும் சிவப்புத் தொப்பி, ரெட்டைச் சடை. ஓடப் போவதற்கு முன் அவள் மேசைப் பக்கம் வந்து, "சொன்னதை மறக்காதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். அவர் மைக்கை இறுகப் பிடித்துக்கொண்டார்.

விசில் ஊதியது. ஊதியதுதான் தாமதம், முன்னாலிருந்த கூட்டம் மொத்தமும் எழுந்து கயிற்றை நோக்கிப் போனது. அறிவிப்பாளர் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் சட்டைகளின் முதுகுதான். ஒரே கூச்சல். யார் முன்னால், யார் பின்னால், ஒன்றும் தெரியவில்லை. தெரியாமல் பேசுவது அவருக்குப் பழக்கம்தான், ஆனால் தகவல் சொல்ல இங்கே தொலைபேசியும் இல்லை.

சட்டைப்பையில் செல்போன் அதிர்ந்தது. மனைவி. லீவு போட்டுவிட்டு வந்து கயிற்றோரம் நிற்கிறாள். குழந்தை பின்னால் வருவதைப் பார்க்க முடியாமல் அழுகிறாள் போலிருக்கிறது என்று நினைத்து அவர் எடுக்கவில்லை. மறுபடி அதிர்ந்தது. எடுக்கவில்லை. ஒரு இடைவெளி வழியாகப் பி.டி. மாஸ்டர் தெரிந்தார். முடிவுக் கோட்டில் நின்று, இவரைப் பார்த்து ஒற்றை விரலை ஆட்டி ஆட்டிக் குதித்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒரே ஒரு ஆள் வர வேண்டியிருக்கிறது என்று அறிவிப்பாளர் புரிந்துகொண்டார்.

நாற்காலி மேல் ஏறினார். தலைகளுக்கு மேலாக, மைதானத்தின் தூரத்து வளைவில், வெயிலில், ஒரே ஒரு சிவப்புத் தொப்பி. ரெட்டைச் சடை. மற்ற எல்லாரும் முடித்துவிட்டார்கள். அந்தத் தொப்பி மட்டும் தனியாக, மெதுவாக, நிற்காமல் வந்துகொண்டிருந்தது.

மனிதருக்கு அழுகை முட்டியது. ஆனால் குரல் அசையவில்லை.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. சிவப்புத் தொப்பி சற்றுத் தாமதமாக வந்துகொண்டிருக்கிறது. அது வந்து சேரும்வரை யாரும் தங்கள் இடத்தை விட்டு நகர வேண்டாம்."

யாரும் நகரவில்லை.

முன்னால் வந்து சேர்ந்தவர்கள் கோட்டை விட்டு விலகி வழிவிட வேண்டும் என்றார். விலகினார்கள். அறுந்த ரிப்பனை மறுபடியும் கட்டும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறது என்றார். பி.டி. மாஸ்டர் விழித்தார், தீயணைப்பு அதிகாரியே எழுந்து போய் ரிப்பனின் ஒரு முனையைப் பிடித்தார், மறு முனையைத் தலைமையாசிரியை பிடித்தார். அப்போது ஒலிபெருக்கியில் தன் குரல் மைதானத்தைத் தாண்டித் தெருவரைக்கும் போவதை அறிவிப்பாளர் கேட்டார். குனிந்து பார்த்தார். குமிழ் வலப்பக்கத்துக் கடைசியில் இருந்தது.

"முழுசா வெச்சிருக்கேன். நீங்க பேசுங்க" என்றார் எலெக்ட்ரிக் கடைக்காரர். கண்ணை வேறெங்கோ வைத்துக்கொண்டு சொன்னார்.

வளைவைத் தாண்டிவிட்டது என்றார் அறிவிப்பாளர். தாண்டிவிட்டது என்றது கூட்டம். கொடிக்கம்பத்தைத் தாண்டிவிட்டது. தாண்டிவிட்டது. திடீரென்று காற்றில் தொப்பி பறந்து பின்னால் விழுந்தது. குழந்தை நின்றது, திரும்பிப் போய் எடுத்தது, மண்ணைத் தட்டியது, சடை உள்ளே போகிற மாதிரி ஒழுங்காக மாட்டிக்கொண்டது. "சிவப்புத் தொப்பி, தொப்பிக்காக நின்று புறப்பட்டது" என்று கலங்கிய கண்ணோடு அறிவித்தார். ஒரு ஆள் சிரிக்க வேண்டுமே. அத்தனை பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். போன வருஷம் சிரித்த டீச்சர் நாற்காலி மேல் ஏறிக் கை தட்டிக்கொண்டிருந்தார்.

ரிப்பன் நெஞ்சில் பட்டது. மைதானம் அதிர்ந்தது. தீயணைப்பு வண்டியின் ஓட்டுநர் என்ன நினைத்தாரோ, சைரனையே ஒருமுறை அலறவிட்டார்.

"வந்து சேர்ந்தது" என்றார் அறிவிப்பாளர். அவர் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தான் அறிவித்த வண்டி வந்து நிற்பதைக் கண்ணால் பார்த்துவிட்டார்.

நாற்காலியிலிருந்து குதித்தார். ஒயர் காலில் சுற்றியது, உதறினார். முதுகுகளை விலக்கிக்கொண்டு, தோளில் தட்டியவர்களையெல்லாம் கவனிக்காமல் ஓடினார். பூங்காவில் கால் சுற்றுக்கு இரைத்த மூச்சு இப்போது எங்கே போயிற்றோ தெரியவில்லை. கோட்டருகே மண்டியிட்டு, அந்தச் சிவப்புத் தொப்பியை அப்படியே வாரி அணைத்துக்கொண்டார்.

"பாத்தியாடா குட்டி? ஒருத்தர்கூட சிரிக்கல" என்றார்.

தொப்பி நிமிர்ந்தது. அதன் கீழே மூக்குக்கண்ணாடி. முன்பல் விழுந்த வாய். வியர்வையில் குளித்த உருண்டை முகம். நேற்றுச் சாயங்காலம் அவர் வாசலில் நின்ற வீட்டுக் குழந்தை. மகளுடைய தோழி.

அவர் முகத்தில் அசடு வழிந்தது. அந்தக் குழந்தையின் அம்மா பக்கத்திலேயே நின்று, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். அதற்கு என்ன செய்வது என்று தெரியாமல் இவரும் கும்பிட்டார். "எங்க பொண்ணு எங்கே?" என்று நாலாபுறமும் திரும்பிப் பார்த்தார். பயம் பிடித்துக்கொண்டது. ஓடாமலே எங்கேயாவது ஒளிந்துகொண்டாளா?

"இங்க பாருங்க, எத்தனை தடவைதான் போன் பண்றது?" என்று மனைவியின் குரல் கேட்டது.

பரிசு மேடையில் மூன்று படிகள். நடுவில், உயரமான படியில், இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவருடைய மகள் நின்றிருந்தாள். முதல் பரிசு. முதலாவதாக வந்ததை மைதானத்தில் அவள் அம்மாவையும் பி.டி. மாஸ்டரையும் தவிர யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை. அதைப் பற்றி அவளுக்குக் கவலை இருந்ததாகவும் தெரியவில்லை. அப்பாவைப் பார்த்துக் காதுவரை சிரித்தாள்.

அறிவிப்பாளருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பூங்காவில் தன்னோடு நடந்த பெண்ணா இது? எத்தனையோ தாமதங்களுக்குக் காரணம் சொன்னவர், ஒரு வண்டி இப்படி முன்னால் வந்து நின்றதற்குக் காரணம் தெரியாமல் தவித்தார்.

"ரெண்டு வருஷமும் கடைசியாச்சே. இவளுக்குத் திடீர்னு இவ்வளவு வேகம் எங்கேர்ந்து வந்துச்சு?" என்று யாரிடம் கேட்கிறோம் என்றே தெரியாமல் கேட்டார்.

சிவப்புத் தொப்பிக்கு இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தது.

"அவ எப்பவுமே வேகம்தான் அங்கிள். ரெண்டு வருஷமா நான் தனியா வரக் கூடாதுன்னு எங்கூடவே மெதுவா ஓடினா. இந்த வருஷம்தான், 'உன்கூட எங்கப்பா வருவாரு, நான் முன்னாடி போறேன்'னு சொன்னா."